பதினெட்டு முள் அழகன்

கண்ணாடித் தொட்டிக்கு வெளியே ஒரு விரல் அசைந்தாலே மற்ற மீன்கள் சிதறி ஓடும். சிங்கமீன் மட்டும் ஓடாது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட உடம்பு, விசிறியாக விரிந்த பக்கத் துடுப்புகள், முதுகில் கொடிக்கம்பங்களை வரிசையாக நட்டது போல முட்கள். விமான நிலையத்தின் ஓடுபாதையையே மூடச் சொல்லிவிட்டுச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகுமே பத்மநாப சுவாமியின் ஆறாட்டு ஊர்வலம், அதன் முன்னால் நடக்கும் யானையின் தோரணை இந்த மீனுக்கு. யாருக்கும் வழிவிடாது. விட வேண்டிய அவசியமும் இல்லை. முதுகில் 13, அடிவயிற்றில் 2, வால் பக்கம் 3 என்று மொத்தம் 18 முட்கள், பதினெட்டிலும் நஞ்சு.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இந்த மீன் வெளிநாட்டு விருந்தாளி அல்ல. நகரத்திலிருந்து 16 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் விழிஞம், ஒரு காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுகம். இப்போது ராட்சதக் கன்டெய்னர் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம். இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் முழுக்க மீனவர்களின் ஊர். அங்கே கரையை ஒட்டிக் கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் உண்டு. மீனவர்கள் 'பாரு' என்பார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் 'பார்' என்று சொன்னதும் இதே சொல்தான். கலவாய் மீன், சிங்கி இறால், பாறையில் ஒட்டிய சிப்பி எல்லாம் கிடைக்கும் இந்தப் பார்களில்தான் சிங்கமீனும், அதன் உறவுக்காரனான தேள்மீனும் குடியிருக்கின்றன. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தன் விழிஞம் மையத்தில் 'சாகரிகா' என்று ஒரு காட்சியகம் அமைத்ததற்கு இந்தக் கடலின் வளமும் ஒரு காரணமாக இருக்கும்.

நம் கரைகளில் பரவலாகத் தென்படும் சிங்கமீன் இனம் ஒன்றின் பெயரைச் சொல்லியாக வேண்டும்: டீரோய்ஸ் ரஸ்ஸலி. ரஸ்ஸல் என்ற பெயர் எங்கோ கேட்டது போல இருக்கிறதா? கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் ரஸ்ஸல் பெயர்தான். கிழக்கிந்தியக் கம்பெனியில் இயற்கை ஆய்வாளராக இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1796-ல் இந்தியப் பாம்புகளைப் பற்றிப் புத்தகம் போட்டார். 1803-ல் விசாகப்பட்டினத்தில் சேகரித்த 200 மீன்களைப் படத்தோடு வெளியிட்டார். ஒரே மனிதர் பெயரில் நிலத்தில் ஒரு விஷப்பாம்பு, நீரில் ஒரு விஷமீன். இந்தப் பெருமை வேறு யாருக்காவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

விஷமீன் என்றதும் பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம். பேத்தை மீனைத் தின்றால் ஆபத்து, தொட்டால் ஒன்றுமில்லை. சிங்கமீன் நேர் எதிர். தொட்டால் ஆபத்து, முள்ளை நீக்கிச் சமைத்துத் தின்றால் ஒன்றுமில்லை. முதல் மீனின் நஞ்சு உடம்புக்குள் இருப்பது. இரண்டாவதன் நஞ்சு முள்ளில் இருப்பது. அந்த முள்ளும் பாம்பின் பல்லைப் போல வேலை செய்வதில்லை. நஞ்சை அழுத்திச் செலுத்தத் தசை கிடையாது. முள்ளின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பள்ளம். பள்ளத்தில் நஞ்சுத் திசு. மேலே மெல்லிய தோல் உறை. முள் நம் கையில் இறங்கும்போது உறை கிழிந்து பின்னுக்குத் தள்ளப்படுகிறது, நஞ்சு பள்ளம் வழியாக ஏறி வருகிறது. அதாவது குத்துவதற்கான விசையை நாம்தான் கொடுக்கிறோம். இரை பிடிக்க அது முள்ளைப் பயன்படுத்துவதே இல்லை. துடுப்பை விரித்துச் சின்ன மீன்களை மூலையில் மடக்கி, வாயைத் திறந்து ஒரே உறிஞ்சலில் விழுங்கிவிடும். முள் தற்காப்புக்கு மட்டும்.

நம் அடுக்களைக்கு வந்து போகும் மீன்களில் இதே ஏற்பாடு உள்ளவை உண்டு. கெளுத்தியின் முதுகு முள்ளையும் கன்னத்து முட்களையும் ஒடித்துவிட்டு விற்பது சும்மா அல்ல. திருக்கையின் வால் முள் பற்றி எந்தக் கடற்கரைக் குழந்தைக்கும் தெரியும். ஓரா மீன்? யாழ்ப்பாணத்திலும் ராமேஸ்வரத்திலும் ருசித்துச் சாப்பிடும் ஓராவுக்கு நச்சு முட்கள் 24. சிங்கமீனைவிட ஆறு அதிகம். மஞ்சள் நிறத்தில், நரி முகத்தோடு இருக்கும் ஓரா இனம் ஒன்று 'ஃபாக்ஸ்ஃபேஸ்' என்ற செல்லப் பெயரில் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும். பந்து போலச் சேர்ந்து சுழலும் வரி போட்ட கடல் கெளுத்திக் குஞ்சுகளும் விற்பனைக்கு வருவதுண்டு. பார்க்கப் பரம சாது. கையை விட்டால் தெரியும்.

யார் கையில் முள் குத்துகிறது? அமெரிக்காவில் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதியின் நஞ்சுத் தகவல் மையத்துக்கு ஐந்து ஆண்டுகளில் வந்த தேள்மீன் குடும்பக் கேஸ்கள் 51 என்று 1985-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதில் 45 கேஸ்களில் குத்தியது சிங்கமீன். கலிபோர்னியா கடலில் சிங்கமீன் கிடையாது; எல்லாம் தொட்டியில் வளர்ந்தவை. கடல் வாடையே இல்லாத மிச்சிகன் மாநிலத்திலிருந்துகூட 1989-ல் 23 கேஸ்களைப் பற்றி டாக்டர்கள் எழுதினார்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும்போது, தீனி போடும்போது, வலையில் அள்ளி இடம் மாற்றும்போது நடந்த விபத்துகள். சிங்கமீன் வளர்ப்பவரை அடையாளம் கண்டுகொள்ளும், தீனிக்காகக் கண்ணாடியருகே வந்து நிற்கும். நாய்க்குட்டி மாதிரி என்று வளர்ப்பவர் பூரித்துப்போகும் கட்டத்தில்தான் ஆபத்து. ஜாக்கிரதை குறைந்துவிடுகிறது.

நம் ஊரில் கதை வேறு. இங்கே இந்த மீன்களோடு தினமும் கைகலப்பவர்கள் அலங்கார மீன் ரசிகர்கள் அல்ல. வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுப்பவர்கள், விடிகாலை ஏலத்தில் குவியலுக்குள் கைவிடும் பெண்கள், பாறை இடுக்கில் சிப்பி பெயர்க்க மூழ்குபவர்கள். செத்த மீனின் முள்ளிலும் நஞ்சு சில மணி நேரமாவது தங்கியிருக்கும் என்பதால் கரைக்கு வந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. அந்த வலியோடு அரை நாள் வேலை போகும், சீழ் பிடித்தால் அரை மாத வேலை போகும். அமெரிக்கத் தொட்டி ரசிகர்களுக்கு இருப்பது போல இவர்களுக்குப் போனில் கூப்பிட்டால் சொல்லித்தர ஆள் பக்கத்தில் இல்லை.

அதனால் வைத்தியத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மருந்து, வெந்நீர். இந்த மீன்களின் நஞ்சு புரதம். சூட்டில் சிதையும் சுபாவம் கொண்டது. குத்திய கையையோ காலையோ சுமார் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில், அதாவது பொறுக்கக்கூடிய அதிகபட்சச் சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். ஆற ஆற மாற்ற வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதிப்பது முக்கியம். வலியில் துடிக்கும் கைக்குச் சூடு தெரியாது; நஞ்சுக்குத் தப்பிய கை வெந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வந்த கதைகள் உண்டு. வெந்நீர் உள்ளே இறங்கி நஞ்சைக் கெடுக்கிறதா, இல்லை சூடு நரம்பின் வலி உணர்வை மழுக்குகிறதா என்பதில் டாக்டர்களிடையே விவாதம் இருக்கிறது. வலி அடங்குகிறது என்பதில் விவாதம் இல்லை.

கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் வேண்டாம். வெந்நீருக்குப் பிறகு டாக்டரைப் பார்ப்பதைத் தவிர்க்கவும் கூடாது. முள் உள்ளே ஒடிந்திருக்கலாம், எக்ஸ்-ரே எடுக்க வேண்டிவரும். டெட்டனஸ் ஊசி தேவைப்படும். கடல் நீரில் உள்ள சில கிருமிகள் சாமான்யப்பட்டவை அல்ல, சர்க்கரை வியாதிக்காரர்களை அவை படுத்தும் பாடு அதிகம். மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் வெந்நீருக்குக்கூடக் காத்திராமல் கிளம்பிவிட வேண்டும். சிங்கமீன் குத்திச் செத்தவர் என்று நம்பகமாகச் சொல்ல ஆள் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் இதய நோயாளியின் உடம்பில் அந்த வலி என்ன செய்யும் என்று பந்தயம் கட்ட முடியாது.

பாம்புக் கடிக்குப் போடும் ஊசி? பிரயோஜனம் இல்லை. நம் நாட்டில் தயாராகும் பாம்பு நச்சு முறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு எதிரானது. ரஸ்ஸலின் பாம்புக்குக் கேட்கும், ரஸ்ஸலின் மீனுக்குக் கேட்காது. மீன் நஞ்சுக்கென்று முறிவு மருந்து உலகத்திலேயே ஒன்றுதான் பெயர் பெற்றது. 1959-ல் ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் சீரம் லேபாரட்டரீஸ் குதிரை ரத்தத்திலிருந்து தயாரித்தது. அது கல்மீனுக்கு எதிரானது.

கல்மீன் இந்தக் குடும்பத்தின் பெரிய தாதா. அழகு கிடையாது, அசைவு கிடையாது. பாசி படிந்த பாறாங்கல் போலத் தரையில் கிடக்கும். முதுகில் 13 தடித்த முட்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு நஞ்சுப் பைகள். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் இறங்கும். நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடு இருக்கும் என்பது கூடுதல் வசதி. லட்சத்தீவு, அந்தமான் பவளத் திட்டுகளில் உண்டு. இதையும் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கல்லையே வாங்கி வைக்கலாமே என்று எனக்குத் தோன்றும். செலவும் குறைவு.

ஒளிந்துகொள்வதில் இந்தக் குடும்பம் எவ்வளவு கெட்டி என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று. ராமநாதபுரம் மாவட்டம் சேதுக்கரை. ராமர் பாலத்தின் கதையோடு சேர்த்து நாம் அறிந்த கடற்கரை. அங்கே கடற்புல் வெளிகளை ஆராய்ந்துகொண்டிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி ஜெயபாஸ்கரனின் குழு, பவளத்தின் எலும்புக்கூடு என்று நினைத்த ஒன்று மீனாக இருந்ததைக் கண்டது. தொட்டதும் நிறத்தை மாற்றிக்கொண்டது. பட்டைவால் தேள்மீன். இந்தியக் கடலில் இந்த இனம் உயிரோடு பிடிபட்டது அதுவே முதல் முறை என்று 2020-ல் அறிவித்தார்கள். கடல் ஆராய்ச்சிக்காரர்களின் கண்ணையே ஏமாற்றிய மீன், இடுப்பளவு தண்ணீரில் நடப்பவரின் காலை ஏமாற்றாதா?

வீட்டில் வளர்ப்பதற்கு வருகிறேன். திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் வந்த பிறகு எழுந்த அடுக்குமாடிகளின் வரவேற்பறைகளில் கண்ணாடித் தொட்டி ஒரு கௌரவம். நல்ல தண்ணீர் மீன்களில் ஆரம்பித்து, கை பழகியதும் கடல்மீன் ஆசை வரும். கடல்மீன் என்றால் உப்பின் அளவு, வெப்பம், அம்மோனியா என்று தினசரி கவலை. கரண்ட் போனால் தனிக் கவலை. இத்தனைக்கும் நடுவில் சிங்கமீன் சுலபமான பிராணி என்பதுதான் வினோதம். முரட்டு உடம்பு, நோய் குறைவு. கடைக்காரர் விரல் நீளத்தில் கொடுப்பார். அது ஓர் அடிக்கு மேல் வளரும். 10, 15 ஆண்டுகள் வாழும். வாயில் அடங்கும் எதையும் விழுங்கும். கூட இருந்த சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்போதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் புரியும். எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளை ஆசைப்பட்டதற்காக வாங்கினால் அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் அது இருக்கலாம்.

இன்னொரு விஷயத்தைக் கடையில் சொல்ல மாட்டார்கள். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறைகளை மண்டபத்திலும் விழிஞத்திலும் இருந்த விஞ்ஞானிகள் உருவாக்கிவிட்டார்கள். கோமாளி மீன் பாறையில் முட்டையை ஒட்டி வைக்கும், தகப்பன் மீன் காவல் இருக்கும், குஞ்சு ஓரளவு பெரிதாகவே வெளியே வரும். சிங்கமீன் ஆயிரக்கணக்கான முட்டைகளைக் கூழ் உருண்டைகளாகக் கடலில் மிதக்கவிட்டுப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத இளவுயிரிகள் சராசரியாக 26 நாள் நீரோட்டத்தில் அலைந்து திரிந்த பிறகே பாறையில் இறங்கும். அந்த 26 நாளைத் தொட்டிக்குள் நடத்திக் காட்டுவது சுலபமல்ல, வணிக அளவில் நடப்பதும் இல்லை. ஆகவே கடையில் பார்க்கும் சிங்கமீன் ஏதோ ஒரு பாறையிலிருந்து பிடித்து வந்ததுதான். எந்தக் கடல், யார் பிடித்தது, எப்படிப் பிடித்தது? பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாப் பவளத் திட்டுகளில் சயனைடைப் பீச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல காலம் நடந்தது. மயங்கிய மீன் எழுந்துகொள்ளும், பவளம் எழுந்துகொள்ளாது.

சட்டம் என்ன சொல்கிறது? பவளமும் கடல்குதிரையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. தொட்டிக்கு அழகு சேர்க்கும் பவளத் துண்டை வைத்திருப்பவர் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2017 மே மாதத்தில் மத்திய அரசு அலங்கார மீன் கடைகளுக்கு விதிமுறைகள் கொண்டுவந்து 158 இனங்களின் விற்பனைக்குத் தடை போட்டது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். மீன் வளர்ப்பை வாழ்வாதாரமாகச் செய்பவர்களும் எதிர்த்தார்கள். பிறகு விதிமுறைகள் வாபஸ் ஆயின. அவசரத்தில் போட்ட விதியை அவசரத்தில் எடுத்ததில் ஆச்சரியம் இல்லை. இடையில், நச்சு மீன் விற்கும் கடைக்காரர் வாங்குபவரிடம் வெந்நீர் பற்றி ஒரு துண்டுச்சீட்டாவது கொடுக்க வேண்டும் என்ற சின்னக் காரியம் யாருக்கும் தோன்றவில்லை. மீன் இறங்குதளங்களில் ஏலக் கூடத்துச் சுவரில் நாலு வரி எழுதி வைப்பதற்கும் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

பெரிதாகிவிட்ட சிங்கமீனை என்ன செய்வது? அமெரிக்காவில் சிலர் செய்த காரியம் உலகப் பிரசித்தம். 1985-ல் ஃப்ளோரிடா கரையில் ஒரு சிங்கமீன் பிடிபட்டது. இந்து மாக்கடலிலும் பசிபிக்கிலும் மட்டும் இருந்த மீன் அட்லாண்டிக்கில் எப்படி? 1992-ல் ஆண்ட்ரூ புயல் உடைத்த தொட்டியிலிருந்து தப்பியவை என்று ஒரு கதை வெகுகாலம் உலவியது. புயலுக்கு ஏழு வருடம் முன்பே மீன் வந்துவிட்டதால் கதை செல்லாது. வளர்த்து அலுத்தவர்கள் கடலில் விட்டவை என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஒரு பெண் மீன் வருடத்துக்கு 20 லட்சம் முட்டை போடும். அங்கே அதைத் தின்னப் பழகிய எதிரி இல்லை. அது இரை பிடிக்கும் தந்திரம் அங்குள்ள சின்ன மீன்களுக்குத் தெரியாது. 2004-ல் பஹாமாஸ், 2014-ல் பிரேசில் வரை போய்விட்டது. பஹாமாஸில் நடந்த ஓர் ஆய்வில், ஒற்றைச் சிங்கமீன் குடியேறிய சிறு பாறைத் திட்டுகளில் ஐந்து வாரத்தில் புதிய குஞ்சுகளின் வரவு 79 சதவீதம் குறைந்திருந்தது. ஃப்ளோரிடா 2014-ல் இறக்குமதிக்குத் தடை போட்டது, பிடிப்பவர்களுக்குப் போட்டி வைத்தது, ஓட்டல்களில் வறுத்துத் தின்னச் சொன்னது. தின்று தீரவில்லை.

நம் கடலில் விட்டால் என்ன, நம் மீன்தானே என்று ஒரு வாதம் வரும். கேட்கக் கூடிய கேள்விதான். சிங்கமீனில் பல இனங்கள். கடையில் வாங்கியது எந்தக் கடலின் எந்த இனம் என்று வாங்கியவருக்குத் தெரியாது. நம் கடலின் இனமாகவே இருந்தாலும், பல நாட்டு மீன்களின் தண்ணீரில் நீந்தி வந்தது. அதோடு எந்த ஒட்டுண்ணி வருகிறது என்பதும் தெரியாது. தொட்டியிலிருந்து வெளியே விட்டதன் பலனைப் பார்க்க ஃப்ளோரிடாவுக்குப் போக வேண்டியதும் இல்லை. திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில், தொட்டிக் கண்ணாடியின் பாசியைச் சுத்தம் செய்வதற்காக வாங்கப்படும் தென் அமெரிக்க 'சக்கர்' மீன் கூட்டம் கூட்டமாகப் பெருகியிருப்பதை 2015-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. கறுத்த சாக்கடைத் தண்ணீரிலும் அது சௌக்கியமாக இருக்கிறது. முதல் ஜோடியைத் தோட்டில் விட்டவர் ஜீவகாருண்யம் என்று நினைத்துத்தான் விட்டிருப்பார்.

இத்தனைக்குப் பிறகும் சிங்கமீன்தான் வேண்டும் என்பவர் காசைக் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். ஓர் அடி வளர்ந்த பிறகு நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? எடுத்துக்கொள்வேன் என்றால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட கைப்பிடி வைத்த வலையும் தடித்த கையுறையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கட்டும். மாட்டேன் என்றால் பக்கத்துத் தொட்டியைப் பாருங்கள். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடி கிடைக்கலாம். அவற்றுக்கு முள் குத்தத் தெரியாது. விரல் பட்டால் ஓடி ஒளியும், அவ்வளவுதான்.